விளையாட்டே தொழிலாக

மொழிபெயர்ப்பாளனின் மேஜைக்கு வந்து சேரும் சொற்கள் சில வேளைகளில் அவனுடைய வீட்டுக் கதவையும் தட்டிவிடுகின்றன. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நமது நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டுகளைப் பற்றி ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. இணையத்தில் ஆடப்படும் ஆட்டங்களை அச்சட்டம் மூன்றாகப் பிரிக்கின்றது. பணம் கட்டி ஆடுவது ஒன்று; அதனை அறவே தடுக்கின்றது. பொழுதுபோக்காகவோ கல்விக்காகவோ ஆடுவது மற்றொன்று, அதனை அனுமதிக்கின்றது. மூன்றாவது, வகுத்த விதிகளுக்கு உட்பட்டு, திறமையையே துணையாகக் கொண்டு மோதும் போட்டி. அதனை முறையான விளையாட்டு என்றே ஏற்றுக்கொள்கின்றது. ‘ஈ-ஸ்போர்ட்ஸ்’ என்று உலகம் அழைக்கும் இம்மூன்றாவது வகையைப் பற்றி ஒரு குறிப்பைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ‘மின்விளையாட்டு’ என்று எழுதினேன். எழுதிவிட்டு வீடு திரும்பினால், நான் எழுதிய சொல்லின் பொருள் என் வீட்டு உள்ளறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டில்லியில் சர்க்கார் குடியிருப்பு ஒன்றில் எங்கள் ஜாகை. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனும் அவனுடைய கணினியும் ஓர் அறையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் அவ்வறையிலிருந்து, இடப்பக்கம் இருவர், வலப்பக்கம் ஒருவன் என்று தாழ்ந்த குரலில் ஹிந்தியில் கட்டளைகள் பிறக்கும். என் தாயாருக்கு ஹிந்தி தெரியாது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் தெரியும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “ஏண்டா, ராத்திரியெல்லாம் இந்தப் பிள்ளை யாரைச் சுடறான்? காசு வெச்சு ஆடறானா?” என்று கேட்டார். காசு வைத்து ஆடவில்லை என்று சொன்னேன். யாரைச் சுடுகிறான் என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

அடுத்த வாரமே மகன் என்னிடம் வந்தான். “அப்பா, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் எனக்கு ஒரு வருஷம் கொடுங்கள். இதையே தொழிலாக எடுத்துக்கொண்டு பார்க்கிறேன்” என்றான்.

கோபம் வந்தது என்பதை நேயர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. நம் போன்றவர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊரில் நிலம் இல்லை. இருந்த வீடும் பங்காளிகளிடையே பிரிந்துவிட்டது. ஒரு பரீட்சை எழுதித் தேறி, ஓர் உத்தியோகத்தைப் பற்றிக்கொண்டு, மொழி வேறான ஒரு நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்த உத்தியோகம் ஒன்றே நம்மை இங்கே தாங்கி நிற்கும் கயிறு. நம் பிள்ளை அக்கயிற்றைப் பற்றாமல் அந்தரத்தில் கை நீட்டுகிறான் என்றால் நமக்கு வயிறு கலங்குவது இயல்பு. எல்லாத் தகப்பன்மாரும் சொல்வதை நானும் சொன்னேன். அவன் எதிர்வாதம் செய்யவில்லை. ஒரு பெயரைக் காகிதத்தில் எழுதி என் முன் வைத்தான். “இவருடைய வாழ்க்கையை முழுவதும் படித்துவிட்டு, பிறகு வேண்டாமென்று சொல்லுங்கள்” என்றான்.

படித்தேன். ஏறத்தாழ ஒரு மாத காலம் படித்தேன், ஆட்டங்களையும் பார்த்தேன். அந்த மனிதரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். அதன் பெயர் கவுண்டர்-ஸ்டிரைக். 1999-ஆம் ஆண்டில் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு இளைஞர்கள், ஏற்கெனவே இருந்த வேறொரு கணினி விளையாட்டைத் திருத்தியமைத்து இதனை உண்டாக்கினர். அடுத்த ஆண்டில் வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் இதனைத் தனதாக்கிக்கொண்டது. ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதுகின்றன. ஓர் அணி குறித்த இடத்தில் வெடிகுண்டு வைக்க முயலும், மற்றது தடுக்கும். ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 55 விநாடி. குண்டு வைக்கப்பட்டுவிட்டால் அது வெடிக்க 40 விநாடி. அதற்குள் அதனைச் செயலிழக்கச் செய்தால் தடுப்பவர்களுக்கு வெற்றி. பாதி ஆட்டத்தில் இரு அணிகளும் பக்கம் மாறிக்கொள்ளும். முன்பு 16 சுற்றுகளை முதலில் வென்றவர்கள் ஆட்டத்தை வென்றார்கள். 2023-ல் வெளிவந்த புதிய பதிப்பில் 13 போதும்.

இதில் சுடுவது எளிதில் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது ஒன்று உண்டு. அதுதான் என்னைக் கவர்ந்தது. ஆட்டத்துக்குள்ளே ஒரு பொருளாதாரம் நடக்கிறது. ஒவ்வொருவனும் 800 விளையாட்டு டாலருடன் தொடங்குகிறான். நல்ல தானியங்கித் துப்பாக்கியின் விலை 2,700. தொலைநோக்கி பொருத்திய பெருந்துப்பாக்கி 4,750. சுற்றை வென்றால் வருமானம் அதிகம். தோற்றவர்களுக்கும் ஒரு நிவாரணத் தொகை உண்டு, தொடர்ந்து தோற்றால் அத்தொகை ஓரளவு ஏறும். ஆகவே, சில சுற்றுகளில் எதுவும் வாங்காமல் கைத்துப்பாக்கியோடு பொறுத்திருந்து, பணம் சேர்ந்ததும் ஐவரும் ஒருங்கே ஆயுதம் வாங்க வேண்டும். ஒருவன் மட்டும் அவசரப்பட்டு வாங்கினால் அணி முழுவதும் அடுத்த சுற்றில் ஏழையாகிவிடும். பணம் மிஞ்சியவன் இல்லாதவனுக்கு ஆயுதம் வாங்கித் தரையில் போட்டுக் கொடுக்கலாம். மாதக் கடைசியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இக்கணக்கு விளங்காமல் போகாது.

இனிச் சுடும் திறமை. கண்ணில் பட்டதைக் கை உணர்ந்து செயற்பட நம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்திலொரு பங்கு நேரம் பிடிக்கிறது. உயர்ந்த ஆட்டக்காரனுக்கு இதில் நம்மைவிடச் சிறிது மிச்சமாகலாம். ஆனால் அவனுடைய சிறப்பு அங்கே இல்லை. எதிரி எந்த மூலையிலிருந்து, எந்த உயரத்தில் தலை காட்டுவான் என்பதை முன்கூட்டியே அறிந்து, குறியை அங்கே வைத்துக் காத்திருக்கிறான். காலடி ஓசையைக் கேட்டுத் தூரத்தையும் திசையையும் கணிக்கிறான். தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி எந்த வழியில் உதைத்து விலகும் என்பது ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏறக்குறைய ஓர் ஒழுங்காக அமைக்கப்பட்டிருக்கிறது. அதனை மிருதங்கக்காரர் ஜதியை மனத்தில் வாங்குவதுபோல் வாங்கி, கையால் அதற்கு எதிர்த் திசையில் இழுக்கிறான். இவையெல்லாம் ஆயிரக்கணக்கான மணி நேரம் சாதகம் செய்து பெறுபவை.

மகன் எழுதிக் கொடுத்த பெயர் ஒலெக்சாந்தர் கோஸ்திலியேவ். 1997 அக்டோபர் 2-ஆம் தேதி உக்ரேன் நாட்டுக் கீவ் நகரத்தில் பிறந்தவர். களத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் ‘சிம்பிள்’, அதாவது எளியவர். அவருடைய ஆட்டத்துக்கும் தொடக்க கால சுபாவத்துக்கும் அதைவிடப் பொருந்தாத பெயர் வேறு இருந்திருக்க முடியாது.

நான்கு வயதில் அண்ணனைப் பார்த்து ஆடத் தொடங்கியவர், பதினாறு வயதுக்குள் பெரிய அணிகளின் கண்ணில் பட்டுவிட்டார். அதே வயதில் வீழ்ச்சியும் வந்தது. ஆட்டத்தில் மோசடி செய்தார் என்ற காரணத்துக்காகப் போட்டிகளை நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்று அவரை 2014-ல் தன் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தது. 2016-ன் தொடக்கம் வரை அத்தடை நீடித்தது. இரண்டு ஆண்டுகள் நமக்குச் சிறிதாகத் தோன்றலாம். பத்து ஆண்டே ஆயுள் உள்ள தொழிலில் அது ஐந்தில் ஒரு பங்கு.

தடை தீரும் சமயத்தில் அமெரிக்க அணியான டீம் லிக்விட் அவரை அழைத்துக்கொண்டது. பதினெட்டு வயதில் கடல் கடந்து போனார். சில மாதங்களிலேயே ஊர் நினைவு தாங்காமல் திரும்பிவிட்டார். இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடுவதுபோல் திரையை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். முதல் முறை டில்லிக்கு வந்து இறங்கிய குளிர்காலம் எனக்கு நினைவு வந்தது. உங்களில் பலருக்கும் அப்படியொரு குளிர்காலம் இருக்கும்.

ஆயினும் அவ்வாண்டு கோடையில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடந்த பெரும் போட்டிக்கு அதே அணிக்காக வந்து ஆடினார். அரையிறுதியில் ஸ்வீடன் அணி எதிரே நின்றது. உயரமான மேடையிலிருந்து கீழே குதித்துக்கொண்டே, தொலைநோக்கியைக் கண்ணில் வைக்காமல், பெருந்துப்பாக்கியால் இருவரை அடுத்தடுத்து வீழ்த்தினார். அதனைப் பலமுறை பார்த்தேன். எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆட்டத்தை உண்டாக்கிய நிறுவனத்தார் பிற்பாடு அந்த ஆட்டக்களத்தின் சுவரில் அந்நிகழ்ச்சியின் நினைவாக ஓர் ஓவியத்தைத் தீட்டி வைத்தார்கள். வீரம் நிகழ்ந்த இடத்தில் நடுகல் நடும் வழக்கம் நம் முன்னோருக்கு இருந்தது. இந்த நடுகல்லுக்கு உரியவர் அன்று உயிரோடு எழுந்து சென்றார் என்பது ஒன்றே வேறுபாடு. இறுதியாட்டத்தில் பிரேசில் வீரர்களிடம் அவருடைய அணி தோற்றது.

அதே ஆண்டு ஆகஸ்டில் தாய்நாட்டு அணியான நாட்டஸ் வின்செரேயில் சேர்ந்தார். லத்தீன் மொழியில் வெல்லப் பிறந்தவர் என்பது அதன் பொருள். வென்றார்களா? இதுதான் கதையின் நடுப்பகுதி. 2018-ஆம் ஆண்டின் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று இத்துறையின் புள்ளி விவரங்களைத் தொகுக்கும் எச்.எல்.டி.வி. என்னும் இதழ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் பெரும்போட்டியின் இறுதியாட்டத்தில் டென்மார்க்கின் ஆஸ்திராலிஸ் அணியிடம் அவருடைய அணி இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்றது. உலகிலேயே சிறந்தவர் ஒரு பக்கம். உலகிலேயே சிறந்த அணி மறு பக்கம். அணியே வென்றது.

இந்த ஆஸ்திராலிஸ் அணியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு காலத்தில் நன்றாக ஆடி, கடைசி நேரத்தில் மனம் கலங்கித் தோற்றுப்போகும் அணி என்று பெயர் எடுத்தவர்கள் அவர்கள். மியா ஸ்டெல்பெர்க் என்னும் பின்லாந்து நாட்டு விளையாட்டு உளவியல் அறிஞரை அழைத்து வந்தார்கள். உறக்கம், உணவு, உடற்பயிற்சி, தோற்ற பிறகு ஒருவரோடொருவர் எப்படிப் பேசுவது என்பவற்றையெல்லாம் ஒழுங்கு செய்துகொண்டார்கள். 2017 முதல் 2019 வரை நான்கு பெரும்போட்டிகளை வென்றார்கள். விடிய விடிய விழித்திருந்து ஆடுகிறவனே உயர்வான் என்று எண்ணும் பையன்களிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. என் மகனிடம் நான் சொன்னேன். அவனுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது, பின்பற்றத்தான் இல்லை.

கோஸ்திலியேவின் இளமைக் கால ஆட்டங்களில் தோழர்கள் பிழை செய்தால் அவர் சீறி விழுவது வழக்கமாக இருந்தது. தாம் செய்யக்கூடியதைப் பிறர் ஏன் செய்யவில்லை என்ற கோபம் திறமை மிக்கவர்களின் பொது வியாதி. அது மெல்ல மெல்ல அடங்கிற்று. பிற்காலத்து ஆட்டங்களில் தோழன் தவறியபோது அவர் தட்டிக்கொடுப்பதைப் பார்க்கிறோம். அணியும் தன் இளைஞர் பள்ளியிலிருந்து ஒரு பையனை வளர்த்து முதன்மை அணிக்குக் கொண்டுவந்தது. 2021 நவம்பர் 7-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் நகரத்து அரங்கத்தில் நாட்டஸ் வின்செரே உலகப் பெரும்போட்டியை வென்றது. போட்டி முழுவதிலும் ஒரு களத்தைக்கூட இழக்கவில்லை. அதுவரை எந்த அணியும் அப்படி வென்றதில்லை. பரிசு பத்து லட்சம் டாலர். 27 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் இணையத்தில் அதனைப் பார்த்தார்கள். சிறந்த ஆட்டக்காரர் விருதும் கோஸ்திலியேவுக்கே கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 24. உலகின் முதல்வர் என்று பெயர் பெற்று மூன்று ஆண்டுகள் கழித்தே அக்கோப்பை அவர் கைக்கு வந்தது.

கோப்பையைத் தூக்கிய அந்த ஐவரில் இருவர் உக்ரேனியர், மூவர் ருஷியர். அணித் தலைவர் ருஷியர், பயிற்சியாளர் உக்ரேனியர். மூன்றரை மாதம் கழிந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரேன் மீது ருஷியாவின் படையெடுப்பு தொடங்கிற்று. அப்போது இவ்வணி உக்ரேனின் அண்டை நாடான போலந்தில், கட்டோவீத்சே நகரத்தில் ஒரு போட்டிக்காகக் கூடியிருந்தது. கோஸ்திலியேவ் மேடையில் நின்று பேசினார். உக்ரேனியரோடும் ருஷியரோடும் அமெரிக்கரோடும் தாம் ஆடியிருப்பதாகவும், தம் அருகில் நிற்பவர்கள் தம் உண்மை நண்பர்கள் என்றும், எல்லோரும் முதலில் மனிதர்களாக இருக்க வேண்டும் என்றும் பொருள்படப் பேசினார். அரங்கம் எழுந்து நின்றது.

என் தாயார் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் எனக்குக் கிடைத்தது. பிள்ளை யாரைச் சுடுகிறான்? ஆண்டுக்கணக்கில் திரையில் சுட்டுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், மெய்யான குண்டு தம் ஊரில் விழுந்த அன்று, துப்பாக்கியின் மொழியில் பேசவில்லை. ஆட்டம் எது, போர் எது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆட்டத்தில் வீழ்ந்தவன் அடுத்த சுற்றில் எழுந்து வருகிறான். இந்த வேறுபாட்டை ஒரு பிள்ளை உணர்ந்திருக்கிறானா என்பதையே பெற்றோர் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உணராத பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களிடமிருந்து கணினியை எடுத்து வைப்பதில் தவறில்லை.

அந்த அணி அதன் பிறகும் சில மாதம் சேர்ந்து ஆடி, மே மாதம் ஆண்ட்வெர்ப் நகரத்துப் பெரும்போட்டியின் இறுதி வரை சென்று தோற்றது. பிறகு ருஷியத் தலைவர் விலக்கப்பட்டார். மற்ற இரு ருஷியரும் 2023-ல் பிரிந்து போயினர். 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகின் முதல்வராக எண்ணப்பட்ட கோஸ்திலியேவ், 2023 அக்டோபரில் ஓய்வு வேண்டுமென்று ஒதுங்கினார். வயது 26. அவர் இல்லாமலே அவருடைய அணி 2024 மார்ச்சில் கோபன்ஹேகன் பெரும்போட்டியை வென்றது. பிற்பாடு வேறு அணிகளுக்காகச் சிறிது காலம் ஆடினார். பழைய உயரம் திரும்பவில்லை. 2024-ஆம் ஆண்டின் உலக முதல்வராக, சைபீரியாவின் தோம்ஸ்க் நகரத்திலிருந்து வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் தேர்ந்தெடுக்கப்பட்டான். கோஸ்திலியேவ் ஆடத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன் அவன்.

நம் கணக்கில் 26 என்பது உத்தியோகத்தில் சேரும் வயது. அத்தொழிலில் அது ஓய்வு பெறும் வயதுக்கு அருகில் இருக்கிறது. அதுவும் ஓய்வூதியம் இல்லாமல். உடலும் இடையில் கைவிடலாம். 2015-ல் உலகின் முதல்வராக இருந்த ஸ்வீடன் நாட்டு ஓலோஃப் கஜ்பியர், அடுத்த ஆண்டே கையில் ஏற்பட்ட காயத்தால் சிறிது காலம் ஆட முடியாமல் இருந்தார். உச்சிக்குச் சென்றவர்களின் கதையே இப்படியென்றால், பாதி மலையில் நின்றுவிட்டவர்களின் கதையை எழுதுவார் யார்?

நம் நாட்டு நிலைமையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய அரசு மின்விளையாட்டை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது. 2023-ல் சீனாவின் ஹாங்ஜோ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டில் இதற்குப் பதக்கமே வழங்கினார்கள். இவை நல்ல செய்திகள். ஆனால், 2020 செப்டம்பரில் சுடும் விளையாட்டு ஒன்று நம் நாட்டில் ஒரே நாளில் தடை செய்யப்பட்டபோது, அதனையே நம்பியிருந்தவர்கள் ஒரே நாளில் களம் இழந்தார்கள். பெயர் மாறி அது 2021-ல் வந்தது, 2022-ல் மறைந்தது, 2023-ல் மீண்டும் வந்தது. கிரிக்கெட் மட்டையை யாரும் ஒரே உத்தரவில் நாடு முழுவதும் பறிக்க முடியாது. இங்கே ஆடுகளமே ஒரு நிறுவனத்தின் சொத்து.

இன்னொன்றும் நடந்தது. 2018-ல் ஷாங்காய் நகரத்துக் கவுண்டர்-ஸ்டிரைக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியைச் சேர்ந்த ஒருவரின் கணினியில், குறியைத் தானே எதிரியின் மேல் இழுத்து வைக்கும் கள்ள நிரல் ஒன்றைப் போட்டி நடுவர்கள் கண்டுபிடித்தார்கள். கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளின் பெயரை அந்த நிரலுக்கு இட்டு மறைத்து வைத்திருந்தார். சொற்களோடு பிழைக்கும் எனக்கு அந்த விவரம் உறுத்தியது. அவருக்கு ஐந்து ஆண்டுத் தடை, அணியே கலைந்தது. பிழை செய்யாத மற்ற நால்வரும் அன்று தெருவில் நின்றார்கள். கோஸ்திலியேவ் தடை தீர்ந்து மீண்டு வந்தார் என்பது உண்மை; எல்லோருக்கும் அந்த இரண்டாவது வாசல் திறப்பதில்லை. ஆட்டத்தில் கிடைக்கும் அலங்காரத் துப்பாக்கிகளைப் பணயம் வைத்துச் சூதாடும் இணையத் தளங்களும் உண்டு. 2016-ல் வால்வ் நிறுவனமே அவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. என் தாயாரின் முதற் கேள்வி அசட்டுக் கேள்வி அல்ல என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

இவ்வளவும் படித்த பிறகு மகனை அழைத்தேன். ஒரு விஷயத்தை அவனிடம் முதன் முறையாகச் சொன்னேன். கல்லூரி நாட்களில் நான் கைப்பந்து ஆடினேன்; மாவட்ட அணிக்குத் தேர்வு நடந்த வாரத்தில் என் தகப்பனார் என்னைச் சுருக்கெழுத்து வகுப்பில் சேர்த்துவிட்டார். அவர் செய்தது தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் சுருக்கெழுத்துத்தான் என்னை டில்லிக்குக் கொண்டுவந்தது. ஆனால் தேர்வுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இருபத்தைந்து ஆண்டுகளாக என்னோடு குடியிருக்கிறது. அவனோடும் அப்படியொரு கேள்வி குடியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பன்னிரண்டாம் வகுப்பை ஒழுங்காக முடிக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கணினி அணைய வேண்டும். பணயம் என்ற பேச்சே கூடாது. தனியாக ஆடிப் புள்ளி சேர்ப்பதை விட்டுவிட்டு, நிலையான ஐவர் அணி ஒன்றை அமைத்து, ஆறு மாதம் பிரியாமல் ஆடிக் காட்ட வேண்டும். அதைச் செய்தால் அவன் கேட்ட ஒரு வருஷம் அவனுடையது. அவ்வருஷத்தின் முடிவில் கல்லூரியா, களமா என்பதை இருவரும் உட்கார்ந்து பேசுவோம். கடைசி நிபந்தனைதான் அவனுக்குக் கடினமாக இருந்தது. அவன் நன்றாக ஆடுகிறவன். நன்றாக ஆடாதவர்களை அவனுக்குப் பிடிக்காது.

சென்ற மாதம் நகரத்துப் பள்ளி மாணவர்களிடையே நடந்த ஒரு சிறிய போட்டிக்கு அந்த ஐவரும் போனார்கள். ஒரு சர்தார்ஜி வீட்டுப் பையன், ஒரு வங்காளி, ஒரு மலையாளி, பீகாரிலிருந்து வந்த ஒருவன், என் மகன். இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். இரவு சாப்பாட்டின்போது என் தாயார், “யாருடா ஜெயிச்சா?” என்று கேட்டார்.

“நாங்க தோத்துட்டோம் பாட்டி” என்றான். பிறகு என்னைப் பார்த்து, “கடைசிச் சுற்றில் என்னிடம்தான் அப்பா பணம் இருந்தது. பெரிய துப்பாக்கியை வாங்கி அந்த பீகார்ப் பையனிடம் கொடுத்துவிட்டேன். அந்த மூலையில் அவன்தான் என்னைவிட நன்றாகச் சுடுவான்” என்றான்.

அவன் வாயிலிருந்து ‘என்னைவிட’ என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றுதான். தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொன்னேன். மணி பத்தேகால். கணினி அணைய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.